அறுபத்தொரு கைநாட்டு

ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்குக் கிழக்கே, சுண்ணாம்புக் குன்றை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் துரையைத் திட்டலாம். கங்காணியை, அவன் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று திட்டலாம். மழை பெய்து பால் கெட்ட நாளில் முனியாண்டி சாமியைக்கூட நாலு வார்த்தை கேட்கலாம். ராஜபார்ட் மாணிக்கவேலரை மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

மனுஷன் செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய நாடகக் கம்பெனி ஈப்போவில் கொட்டகை போட்டது பதிமூன்று வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு வேலை முடிந்து கால்நடையாகப் போய் விடிய விடிய நாடகம் பார்த்து, அப்படியே திரும்பி வந்து பாலுக்கு மரம் வெட்டியவர்கள் இன்னும் அந்தப் பாட்டுகளை முனகிக்கொண்டு திரிந்தார்கள். மாணிக்கவேலரின் தகப்பனார் நடிகர், தம்பிமார் இரண்டு பேரும் நடிகர்கள், மகனும் நடிகன். தமிழ் நாடகம் என்றாலே அந்தக் குடும்பம்தான் என்று பெயர். கிரீடமும் முறுக்கு மீசையுமாக அவர் நிற்கும் படம் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடுகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. சில வீடுகளில் சாமியைவிடப் பெரிதாகவே தொங்கியது.

1926ஆம் வருஷம் அவருடைய மூத்த மகன் சதாசிவம் பினாங்கு வாரப் பத்திரிகை ஒன்றில் 'என் தகப்பனாரின் கம்பெனி' என்று தன் கதையை எழுதத் தொடங்கினார். சனிக்கிழமைத் தபாலில் பத்திரிகை வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரட்டுக் களத்தில், அதாவது தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்த மைதானத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி விஸ்வலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிறு வயதில் மாணிக்கவேலரை யாழ்ப்பாணத்து மேடையில் பார்த்து அழுதவர். ராஜா பேசும் இடம் வந்தால் தானே ராஜாவாகிவிடுவார். ஆணும் பெண்ணுமாக நூறு பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

முதல் இரண்டு பகுதி தேனாக இருந்தது. மூன்றாம் பகுதியில் மாணிக்கவேலர் சாராயம் குடித்தார். நாலாம் பகுதியில் தம்பி கட்டிய பாட்டைத் தன் பாட்டென்று சொல்லிக்கொண்டார். ஐந்தாம் பகுதியில் கம்பெனிப் பையன்களைப் பிரம்பால் அடித்தார். ஆறாம் பகுதியில் மீசை ஒட்டு மீசை என்று தெரிந்தது. தோட்டம் குடித்ததையும் அடித்ததையும்கூடப் பொறுத்துக்கொண்டது, மீசையைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஒட்டு மீசையாம்லா! பாத்தானா இவன்?" என்று எழுந்து நின்று கத்தினாள் இருளாயி. அறுபது வயதைத் தொட்டவள், களை எடுக்கும் கூட்டத்தில் வேலை செய்பவள், வாய் மட்டும் இருபது வயது. "பெத்த அப்பனோட வேட்டிய நாலு பேரு நடக்கற நடுச் சடக்குல வச்சு அவுக்கறானே, இவனெல்லாம் ஒரு மகனா? இவன் சோத்துல மண்ணு விழ!"

"அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா" என்றான் மாயாண்டிக் கங்காணி, "காண்டாக் கம்பாலயே முதுகுத் தோல உரிச்சிருவேன்."

ஏழாம் ஞாயிறு விஸ்வலிங்கம் வந்து உட்கார்ந்தார். பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

"இந்த முறை வாசிக்கேலாது" என்றார். "பொம்பிளையள், பிள்ளையள் இருக்கிற இடம். பெத்த தகப்பனைக் கொலைகாரன் எண்டு எழுதியிருக்கிறான் இந்தச் சதாசிவம். களவு, பொய், எல்லாம் அந்த மகான்ர தலையில கட்டியிருக்கிறான்."

களம் கொதித்துப் போனது. என்ன கொலை, யாரைக் கொன்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபப்படுவதற்கு அது தேவையாகவும் இல்லை. விஸ்வலிங்கம் கையை உயர்த்தி அமர்த்தினார். வாசகர்கள் பலர் ஆட்சேபித்தால் கதையைப் புத்தகமாகக் கட்டும்போது இந்த ஏழாம் பகுதியை எடுத்துவிடுவோம் என்று பத்திராதிபரே அச்சடித்திருக்கிறாராம். பத்திரிகை முந்தியே கிடைத்த தைப்பிங்கிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் ஏற்கனவே கடிதம் போயிருக்கிறதாம்.

"நாங்களும் எழுதுவம். நான் எழுதிக்கொண்டே வந்திட்டன்" என்று ஒரு நீளத் தாளை எடுத்து வாசித்தார். "மகா கீர்த்தி பெற்ற மாணிக்கவேலரவர்கள் பேரில் அவர்தம் புத்திரன் சுமத்தியுள்ள அபாண்டங்கள் யாவும் முழுப்பொய்யென்றும், ஏழாம் பகுதியை அடியோடு நீக்க வேண்டுமென்றும், கீழே கையொப்பமிட்ட தோட்டத்து ஜனங்கள் ஏகமனதாகக் கேட்டுக்கொள்கிறோம்."

கங்காணி கையெழுத்துப் போட்டான். அடுத்து மை தேய்த்த பலகையில் முதலில் பெருவிரலை வைத்தவள் கருப்பம்மாள்.

அவள் முந்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பன் ஐயாவு அந்தத் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரியாக இருந்தவன். அவள் தம்பி அப்பாவு. தாய் இல்லாத பையன், அவள்தான் வளர்த்தாள். பத்து வயதில் கோயிலில் நின்று பாடினால் மரம் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஈப்போவில் நாடகம் நடந்தபோது மாணிக்கவேலரே வண்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பையன் பாட்டைக் கேட்டார். ஸ்திரீபார்ட் போட ஒரு பையன் வேண்டும், மூன்று வருஷத்தில் திருப்பி அனுப்புகிறேன் என்றார். ராஜபார்ட்டே கேட்கும்போது ஐயாவு மறுப்பானா? தோட்டமே மேளம் அடித்து அனுப்பி வைத்தது.

ஒரு வருஷம் கழித்து ரங்கூனிலிருந்து கங்காணிக்குக் கடிதம் வந்தது. பையன் நாடக நகைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று. கங்காணி அதைப் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது வாசித்தான். அடுத்த மாதமே பூசாரி வேலை கங்காணியின் மைத்துனனுக்குப் போனது. ஐயாவு கோயில் பக்கம் தலை வைக்காமல், யாரோடும் பேசாமல், இரண்டு வருஷத்தில் செத்தான். அதற்குப் பிறகு லயத்தில் ஒரு கோழி காணாமல் போனாலும் நாலு கண்ணாவது கருப்பம்மாள் வீட்டுக் கதவைப் பார்க்கும்.

அவளும் நம்பினாள். அதுதான் கொடுமை. எவ்வளவு பெரிய மனுஷனுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை துரோகம் செய்துவிட்டது என்று பன்னிரண்டு வருஷம் வெட்கப்பட்டாள். 'எங்கியாவது செத்துத் தொலைஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்' என்று எத்தனையோ தடவை வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அந்தப் பெரிய மனுஷனுக்காக இந்தக் கைநாட்டையாவது வைப்போம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை ஓடிப் போய் முதலாவதாக நின்றாள். அவள் புருஷன் பத்துமலை அடுத்து வைத்தான். இருட்டுவதற்குள் அறுபத்தொரு கைநாட்டு விழுந்துவிட்டது. புதன்கிழமைத் தபாலில் போகும் என்றார் விஸ்வலிங்கம்.

திங்கட்கிழமை கருப்பம்மாளுக்குக் குன்றடி மர நிரையில் வேலை. இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், முந்நூறு மரத்தில் பட்டையைச் சீவி, பால் வடியும் மங்கு கவிழ்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்து, ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பத்து மணிக்குத் திரும்ப அதே முந்நூறு மரத்துக்கும் நடந்து பாலை வாளியில் சேர்த்தாள். காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போகும்போது தூறல் போட்டது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பால் கட்டியாகிவிடும்.

மத்தியானம் பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் தின்றுவிட்டுக் கிராணி வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமைகளில் விஸ்வலிங்கத்தின் மனைவி கௌரிக்கு மிளகாய்த்தூள் இடித்துக் கொடுப்பது அவள் வழக்கம். கௌரி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தோட்டத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கருப்பம்மாளிடம் எல்லாவற்றையும் பேசுவாள், கேட்பாள். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. உலக்கைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "கருப்பம்மா, உன்ர தம்பியை எந்தக் கம்பெனி கூட்டிக்கொண்டு போனது எண்டு சொன்னனி?" என்று கேட்டாள்.

"மாணிக்கவேலர் கம்பெனிதாம்மா. அதனாலதான நேத்து மொதக் கைநாட்டே நான் வச்சேன்."

"நீ வைச்சனியோ?" கௌரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இவர் என்ன வேலை செய்துபோட்டார். உலக்கையைக் கீழ வை. இஞ்ச வந்து இரு."

உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாசித்தாள்.

"ஈப்போவுக்கு அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றின் கோவில் பூசாரி மகனை என் தகப்பனார் கம்பெனிக்கு அழைத்து வந்தார். பத்து வயதுப் பையன். ஈப்போவிலிருந்து பாகான் செராய்க்குப் போனோம். நாலாம் நாள் ஆட்டத்தன்று அவனுக்குக் கடுஞ்சுரம். நிற்க முடியவில்லை. டிக்கட்டெல்லாம் விற்றாகிவிட்டபடியால் என் தகப்பனார் அவனைப் பிரம்பால் அடித்து எழுப்பி, அரிதாரம் பூசிச் சேலை கட்டி மேடையில் நிறுத்தினார். அவன் அக்கா, அக்கா என்று அழுதான். சபையோர் அதை நாடகப் பேச்சென்று எண்ணிக் கைதட்டினர். விடியுமுன் மாண்டான். வேஷத்தைக்கூடக் கலைக்காமல் வாய்க்கால் கரையில் புதைத்தோம். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்."

கௌரி நிமிர்ந்து பார்த்தாள். கருப்பம்மாள் அழவில்லை. மிளகாய் ஒட்டிய இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"படிங்கம்மா" என்றாள்.

"நாடக நகைகளை என் தகப்பனார் முன்னமே அடகு வைத்துக் குடித்திருந்தார். கம்பெனிப் பங்காளிகள் கேட்டபோது, செத்துப்போன பையன் திருடிக்கொண்டு ஓடிவிட்டதாகச் சொன்னார். அவன் ஊருக்கும் அப்படியே ரங்கூனிலிருந்து கடிதம் போயிற்று. எழுதியவன் நான்."

இன்னும் நாலைந்து வரி இருந்தது. கருப்பம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

"கைதட்டுனாங்களாம்மா?" என்று கேட்டாள். "என்னையக் கூப்புட்டு அழுவுறான். கைதட்டுனாங்களா?"

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாகான் செராய் இங்கேருந்து எம்புட்டுத் தூரம்மா?"

"ரயிலில அரை நாள் வருமோ என்னவோ."

"அரை நாளு" என்றாள் கருப்பம்மாள். "ரங்கூனு ரங்கூனுன்னு கடல் பக்கமா திரும்பித் திட்டிக்கிட்டு இருந்தேன் நான்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் உலை வைக்கவில்லை. புருஷன் பத்துமலை ஸ்டோரில் பால் காய்ச்சும் வேலை முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, கதவை முதலில் சாத்தினான். நல்லவன்தான். ஆனால் ஸ்டோர் வேலை கங்காணி பார்த்துக் கொடுத்தது. வெயில் மழை இல்லாத வேலை என்று தோட்டத்தில் பத்துப் பேருக்கு அதன் மேல் கண் இருந்தது.

"மெதுவாப் பேசு" என்றான். "சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு."

"இருக்கட்டும். பன்னெண்டு வருசமா நான்தான மெதுவாப் பேசுனேன்? கேக்கட்டும் எல்லாரும்!"

"கருப்பம்மா, சூசாலா இது, பெரிய தொல்லை. கங்காணி மச்சான் கையில கோயிலு இருக்கு. அப்பாவு திருடலன்னு ஆயிட்டா, ஒங்கப்பனப் பூசாரி வேலையிலேருந்து எதுக்கு எறக்குனேன்னு கேள்வி வரும்ல? அவன் சும்மா இருப்பானா? செத்த புள்ள திரும்பி வரப் போறானா, சொல்லு."

"வர வேணாம். திருடன்ங்கற பேச்சு போவணும். நல்லாக் கேட்டுக்க. பொதங்கெழம அந்தக் காயிதம் தபால்ல போவுது. போனா அந்த ஏழாம் பகுதியத் தூக்கிருவாங்க. என் தம்பி திருடலன்னு சொல்றதுக்கு இந்த ஒலகத்துல இருக்கறது அந்த ஒரு பகுதிதான். அத எடுக்கச் சொல்லி நானே மொத ஆளாக் கைநாட்டு வச்சுட்டு வந்துருக்கேன். இந்தக் கைய வெட்டிப் போட்டா என்ன?"

"அது தெரியாம வச்சதுதானே. எல்லாரும் வச்சாங்க, நானும்தான் வச்சேன்."

"அதான் சொல்றேன். எல்லாரும் தெரியாமத்தான் வச்சோம். அந்தக் கிராணிக்குத் தெரியும்ல? படிச்சுட்டுத்தானே மடியில மறச்சு வச்சாரு?"

பத்துமலை அவள் அப்பனைப் பற்றி ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்தான். அவள் சுவரில் தொங்கிய மாணிக்கவேலர் படத்தை ஆணியோடு பிடுங்கி அடுப்பில் போட்டாள். கண்ணாடி வெடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்று போனது. இரண்டு பேரும் பட்டினியாகப் படுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னாலேயே பெரட்டு கூடிவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு மேஜையில் எரிந்தது. ஆட்கள் வரிசையாக வாளியும் கத்தியுமாக நின்றார்கள். தகரக் குவளையில் கொண்டுவந்த வரக்கோப்பியைச் சிலர் நின்றபடியே குடித்தார்கள். விஸ்வலிங்கம் ஆள் புத்தகத்தைத் திறந்தபோது கருப்பம்மாள் வரிசையை விட்டு வந்து தன் வாளிகளை மேஜைக்கு முன்னால் நங்கென்று வைத்தாள்.

"கிராணி ஐயா, அந்த ஏழாம் பகுதியப் படிங்க."

"இப்பவோ? உனக்கென்ன பைத்தியமே? ஆக்கள் வேலைக்குப் போக வேணும்."

"யாரும் போவ வேணாம். எங்க கையில மை பூசுனீங்கல்ல? எதுக்குப் பூசுனீங்கன்னு படிச்சுட்டு அப்புறம் ஆள் எண்ணுங்க."

மாயாண்டிக் கங்காணி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். "ஏய், வரிசைக்குப் போ! இன்னிக்கு ஒனக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ. பத்துமல, ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறியா இல்லியா?"

பத்துமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நகரவும் இல்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை.

விஸ்வலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி கௌரி அவரோடு பேசியிருக்க வேண்டும். மேஜை இழுப்பறையைத் திறந்தார். பத்திரிகை உள்ளேதான் இருந்தது. "இந்தப் பகுதியில இருக்கிறது உன்ர தம்பி எண்டு எனக்குத் தெரியாது, கருப்பம்மா" என்றார். "நான் வந்து ஆறு வருஷம்தானே. உன்ர கைநாட்டை வேணுமெண்டால் வெட்டி விடுறன்."

"என் ஒருத்தியோடத வெட்டுனா என்னா ஆவும்? மிச்சம் அறுபது இருக்குல்ல? படிங்க."

அவர் வாசித்தார். அன்றைக்கு ராஜா குரல் வரவில்லை. பின்வரிசையில் "சத்தமா, சத்தமா" என்று கத்தினார்கள். பூசாரி மகன் என்ற இடத்தில் ஒரு சலசலப்பு. பிரம்படி வந்தது, காய்ச்சல் வந்தது. அக்கா என்று அழுத இடத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைதட்டல் வந்தபோது யாரோ ஒரு ஆள் அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னான், யாரும் அவனை அடக்கவில்லை. நகை விஷயமும் ரங்கூன் கடிதமும் வந்தது. அதற்குப் பிறகும் விஸ்வலிங்கம் வாசித்தார். இது கருப்பம்மாளுக்கும் புதிது.

"அந்தப் பையனின் பெயர் இப்போது என் நினைவில் இல்லை. ஆயினும் இத்தனை வருஷம் சுமந்திருந்த இந்த ரகசியத்தை எழுதிவிட்டபடியால் என் மனப்பாரம் இறங்கிற்று."

முதலில் வாய் திறந்தது கங்காணிதான். அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா? பேரே இல்லியே. ஈப்போவச் சுத்தி எத்தன தோட்டம், எத்தன பூசாரி, எத்தன மகன்! அது இவ தம்பின்னு யாரு கண்டா? அந்தச் சதாசிவம் பய ஒளறி வச்சிருக்கான். ம், ஆள் எண்ணுங்க கிராணி, விடியுது!"

கருப்பம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி ஒரு குரலில் பேசி அந்தத் தோட்டம் கேட்டதில்லை.

"பேரு இல்லியா? கங்காணி, ரங்கூன்லேருந்து காயிதம் வந்தப்ப இதே எடத்துல நின்னு எம் புள்ள பேரப் படிச்சியே, அப்ப இருந்துச்சா பேரு? திருடன்னு எழுதும்போது தெரிஞ்ச பேரு, செத்துட்டான்னு எழுதும்போது மறந்து போச்சா அந்த நாய்க்கு? அன்னிக்கு ஈப்போவச் சுத்தி எத்தன தோட்டம்னு நீ கேட்டியா? எத்தன பூசாரின்னு கேட்டியா? எங்கப்பன் கையிலேருந்து கோயில் மணியப் புடுங்கி ஒம் மச்சான் கையில குடுக்கறப்ப அது எவ தம்பின்னு தெரிஞ்சுச்சுல்ல ஒனக்கு!"

கங்காணி கம்பை ஓங்கினான். இருளாயி குறுக்கே வந்து நின்றாள்.

"ஓங்குன கைய எறக்கு" என்றாள். "அப்பன ஏசுனது அந்த சதாசிவம் பய செஞ்ச தப்புதான், நான் இல்லேங்கல. மீசை சமாச்சாரத்த நான் விடவும் மாட்டேன். ஆனா நான் மேளம் கொட்டி அனுப்பி வச்ச புள்ளய, காச்சலோட அடிச்சுக் கொன்னுட்டு, திருட்டுப் பட்டமும் கட்டுனானா? இதுக்கா என் கையில மை பூசுனீங்க? கிராணி, என் கைநாட்டக் குடுத்துருங்க."

"என்னோடதையும்!" என்றான் ஒருவன். "எனக்கும் வேணாம் அது!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஆளுக்கு ஆள் மேஜையை நெருங்கினார்கள். விஸ்வலிங்கம் அந்த நீளத் தாளை எடுத்து விரித்தார். மேலே எட்டு வரி அவருடைய அழகான கையெழுத்து. கீழே கங்காணியின் கையெழுத்து. அதற்கும் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புப் பெருவிரல்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர்.

"கிழிச்சுப் போடுறன்" என்றார். "இது போகாது. சரிதானே?"

"கிழிக்காதீங்க!" என்றாள் கருப்பம்மாள். "மத்த ஊருலேருந்தெல்லாம் போயிருக்குன்னு சொன்னீங்கல்ல? தைப்பிங்குலேருந்து போயிருக்கு, சித்தியவான்லேருந்து போயிருக்கு. நாம சும்மா இருந்தா அவுங்க சொன்னதுதான் நிக்கும், பகுதியத் தூக்கிருவாங்க. இத அனுப்புங்க. மேல நீங்க எழுதுன எட்டு வரியையும் அடிச்சுட்டு அனுப்புங்க. கைநாட்டு இருக்கட்டும்."

"கைநாட்டு வைச்சதுக்குப் பிறகு விஷயத்தை மாத்தி எழுதுறது முறையில்லை, கருப்பம்மா."

"முந்தி மட்டும் நாங்க படிச்சுப் பாத்தா வச்சோம்? நீங்க எழுதறதுதான் எழுத்து, நாங்க வச்சா கைநாட்டு. இந்த வாட்டியாவது நான் சொல்றத எழுதுங்க. வேணாங்கறவன் இப்பவே வந்து சொல்லட்டும், அவன் பேர அடிச்சுருங்க."

கங்காணி வந்தான். "என் கையெழுத்த அடிங்க" என்றான். விஸ்வலிங்கம் அடித்தார். அவனோடு சொந்தம் உள்ளவர்கள் நாலு பேர் வந்தார்கள், அவர்கள் பெயரும் போனது. ஐந்தாவதாக ஒரு ஆள் கால் எடுத்து வைத்து, இருளாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசைக்கே திரும்பிப் போனான். பத்துமலை வந்து மேஜையருகே நின்றான். அவன் பெயரையும் அடிக்கச் சொல்லத்தான் வருகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கருப்பம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். அவன் விளக்குத் திரியைத் தூண்டி, தாளுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

கிழக்கே குன்றுக்கு மேல் வெளுத்துக்கொண்டு வந்தது. இனிமேல் போய் வெட்டினால் மரம் பாதிப் பால்தான் கொடுக்கும். துரை பங்களாப் பக்கம் மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

விஸ்வலிங்கம் தன்னுடைய எட்டு வரியையும் ஒவ்வொன்றாகக் கோடிழுத்து அடித்தார். பேனாவை மையில் தோய்த்தார்.

"சொல்லு" என்றார்.

"அவன் பேரு அப்பாவு. ஐயாவு பூசாரி மகன். அத மொதல்ல எழுதுங்க. மறந்து போச்சுன்னாருல்ல, நாங்க மறக்கல. ஏழாம் பகுதியில ஒரு எழுத்துகூட எடுக்கக் கூடாது, அதுல அந்தப் பேரச் சேக்கணும்."

எழுதினார். "வேற?"

கருப்பம்மாள் வாளிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

"பாகான் செராய் பூரா வயக்காடுன்னு சொல்றாங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் வாய்க்கா. எந்தக் கரையில பொதைச்சாங்கன்னு அந்த சதாசிவம் எழுதல. அத அவரு கடுதாசியில சொல்ல வேணாம்னு எழுதுங்க. எழுதி எழுதி மனப்பாரம் எறக்கினது போதும். அவரே வரணும். அன்னிக்கு வெளக்குப் புடிச்ச ஆளுதானே, இன்னிக்கும் புடிச்சுக்கிட்டு முன்னால நடக்கச் சொல்லுங்க. மம்பட்டி எடுத்துக்கிட்டு நாங்க பின்னால வாரோம்."